ஓடும்போது மட்டும் ஒரு தொடர்கதை

“கொலைகாரன் ரயில்லேர்ந்து குதிச்சிட்டான்” என்றான் செல்லப்பாண்டி, ஓடிக்கொண்டே.

“சயான்லயா?” ஓடிக்கொண்டே கேட்டாள் இசக்கிசெல்வி.

“தாதர் தாண்டி. தண்டவாளத்துல ஓடுதான். பின்னாலயே இன்ஸ்பெக்டரம்மா. வளைவு வருது, இடது பக்கம். அவ துப்பாக்கிய எடுக்கா...”

எல்லைக்கோடு வந்தது. கதையும் நின்றது.

“சும்மா இருக்கியளே, மேல சொல்லுங்க.”

“அடுத்த ரவுண்டுல.”

“உங்கள மாதிரி ஒரு கல்நெஞ்சக்காரர நான் பார்த்ததே இல்ல.”

“நீ யாரத்தான் பார்த்திருக்க?”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

இசக்கிசெல்விக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அவள் வலது மணிக்கட்டையும் அவன் இடது மணிக்கட்டையும் ஒரு சாண் கயிறு பிணைத்திருந்தது. மைதானத்தில் அந்தக் கயிறுதான் அவளுக்கு வழி.

தாராவியில் தோல்பை தைக்கிற செல்லப்பாண்டி, பட்டறைக்குப் போகுமுன் தினமும் அவளோடு ஓடுவான்.

ஆரம்பத்தில் அவள் பாதி நாள் வரவே மாட்டாள். ஒரே வட்டம், ஒரே மண், ஒரே வெயில். “செக்குமாடு கணக்கா சுத்துதேன். எனக்கு வேண்டாம்ணே” என்று ஒருநாள் கயிற்றைக் கழற்றியே எறிந்துவிட்டாள்.

வாரப்பத்திரிகைத் தொடர்கதைகளைத் தின்று வளர்ந்தவன் செல்லப்பாண்டி. மறுநாள் முதல் சுற்றிலேயே ஒரு பிணத்தைப் போட்டான். அதற்குப் பிறகு அவள் ஒருநாள்கூடத் தவறவில்லை. காய்ச்சலோடு வந்தவளைத் திருப்பி அனுப்பப் பெரும்பாடாகிவிட்டது.

ஸ்டாப்வாட்ச் மட்டும் மசியவில்லை. அவள் வேகம் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை தேசியப் போட்டிக்கான தேர்வு. இதை விட்டால் அடுத்த வருடம்தான்.

பயிற்சியாளர் பானுமதி அவனைத் தனியே அழைத்தார்.

“தப்பா நினைக்காதீங்க பாண்டி. உங்க கால் அவளுக்கு ஈடு கொடுக்கல. ஜோஷுவாவை விட்டுப் பார்ப்போம்.”

ஜோஷுவா செம்பூர் கல்லூரி ஓட்டக்காரன். இளம் கால்கள். வளைவு வந்தால் ‘லெஃப்ட்’ என்பான். மற்றபடி வாயைத் திறக்க மாட்டான்.

செல்லப்பாண்டி தன் மணிக்கட்டிலிருந்து கயிற்றை அவிழ்த்து அவனிடம் கொடுத்தான்.

விசில் ஒலித்தது.

அவள் ஓடியதைப் பார்த்துச் செல்லப்பாண்டிக்கு உடம்பு சிலிர்த்தது. இவளா? இத்தனை நாள் தன் பக்கத்தில் ஓடியவளா? கடைசி வளைவில் ஜோஷுவா கயிற்றோடு இழுபட்டு வந்தான்.

பானுமதி கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தார். “இந்த டைமிங் வந்தாப் போதும். செலக்‌ஷன்ல இவள யாரும் தொட முடியாது.”

செல்லப்பாண்டி சத்தமில்லாமல் தன் பையை எடுத்தான். ஜிப் சத்தம் காட்டிக்கொடுத்துவிட்டது.

“எங்கண்ணே கிளம்புதிய?”

“பட்டறைக்கு. ஞாயித்துக்கெழமை ஜோஷுவா கூட நல்லா ஓடு.”

“அவன் வேண்டாம். நீங்கதான் வரணும்.”

“பைத்தியமா உனக்கு? என் காலு உன்ன இத்தனை நாளும் கட்டிப் போட்டிருக்குட்டி. இப்பத்தான எல்லாரும் பார்த்தாங்க.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பானுமதிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

“உங்க காலு என்ன பண்ணிச்சு, பாவம். நான்தான் வேகத்தக் குறைச்சேன். வேகமாப் போனா உங்களுக்கு மூச்சு வாங்கி, கதை சொல்ல வராதுல்லாண்ணே.”