போக வேண்டிய கூரை

அவள் சுவரில் முதுகைச் சாய்த்து, கூரையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பார்ப்பதற்கு வெளிச்சமில்லை. சன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தார்கள். நண்பகலிலும் பள்ளி மண்டபம் இருண்டு கிடந்தது.

மலைப்பக்கமிருந்து வந்த சூறாவளி, நான்கு புறமும் சரிந்த அந்தக் கூரையில் ஏறிப் பார்த்தது. பிடி கிடைக்காமல் வழுக்கி இறங்கியது.

அவள் வரைபடத்தில் கணக்கிட்டபடியே.

வெளிநாட்டில் கட்டடக்கலை பயின்று, கரீபியக் கடலின் இந்தச் சிறு தீவுக்கே திரும்பி வந்து அவள் வரைந்த முதல் கூரை. வீடுகளைப் பூட்டிவிட்டு இங்கே வாருங்கள், இது நிற்கும் என்று வானொலியில் ஊரை அழைத்தவளும் அவள்தான்.

ஊர் வந்திருந்தது. குழந்தைகளோடும், கோழிகளோடும்.

மண்டபத்தைக் கட்டிய தச்சர் அல்பியஸ் அவளருகே அமர்ந்திருந்தார்.

"வராந்தாவுக்கும் பயமில்ல, மிஸ். தூணுக்குத் தூண் இரும்புப் பட்டை அடிச்சு, மண்டபத்து உத்தரத்தோட சேத்து இறுக்கிட்டேன். உங்க வரைபடத்துல அது இல்ல. நானா செஞ்சது."

அவள் சுவரிலிருந்து முதுகை எடுத்தாள்.

கடலைப் பார்த்த அந்த வராந்தாவின் கூரையை அவள் வேண்டுமென்றே தனியாக வரைந்திருந்தாள். தாங்க முடியாத காற்று வந்தால் அது மட்டும் கழன்று போக வேண்டும். பல்லி வாலை விடுவதுபோல.

பிணைத்துவிட்டால் அது தனியே போகாது. மண்டபத்தின் கூரையையும் இழுத்துக்கொண்டு போகும்.

தாழ்ந்த குரலில் அதை அவரிடம் சொன்னாள்.

அல்பியஸ் வராந்தாவின் பக்கம் தலையைத் திருப்பினார். வராந்தாவின் விளிம்பு நெடுக, பூவும் மீனுமாகத் துளைத்த பலகைகளை அவர் ஒரு மழைக்காலம் முழுவதும் அறுத்திருந்தார். அவற்றைக் காற்றுக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

"இப்போ காத்து மலையிலேருந்துதானே வருது?" என்றார் கடைசியில்.

"கண் கடந்த பிறகு?" என்றாள் அவள்.

தீவில் பிறந்த எவருக்கும் விடை தெரியும். புயலின் கண் கடந்தபின் காற்று எதிர்த்திசையில் திரும்பும். கடலிலிருந்து. நேரே வராந்தாவின் வாய்க்குள்.

அப்போது காற்று நின்றது.

யாரோ கைதட்டினார்கள். யாரோ கதவை நோக்கி ஓடினார்கள்.

"முடியல. பாதிதான் ஆயிருக்கு. ஒருத்தரும் வெளிய வராதீங்க," என்றாள்.

சொல்லிவிட்டு அவள் வெளியே போனாள். அல்பியஸ் பின்னால் வந்தார்.

வெயில். தலைக்கு மேல் வட்டமாக நீலம். புயல் சுமந்து வந்த கடற்பறவைகள் சேற்றில் நின்று விழித்தன.

மூன்றாவதாக வெர்லின் வந்தாள். எண்ணெய்ப் பீப்பாய்களைத் தட்டித் தட்டி இசைக்கருவியாக்குபவள். துணிமணியை வீட்டிலேயே விட்டுவிட்டு, சுத்தியலும் உளியும் நிறைந்த பையை மட்டும் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு வந்திருந்தாள். ஓர் உளியை எடுத்து அல்பியஸிடம் நீட்டினாள்.

"உளி மழுங்கிச்சோ, கார்னிவல் திருவிழாவுக்கு உன் மண்டையிலதான் சுருதி சேர்ப்பேன், கெழவா."

"சேத்துக்கோ. உன் பீப்பாயைவிட நல்லாவே ஒலிக்கும்."

மேசைகளை இழுத்துப் போட்டு ஏறினார்கள். உளியை வைத்து, அடித்து, ஒவ்வொரு பட்டையாக அறுத்தார்கள். தம் கையால் இறுக்கியதை அல்பியஸ் தம் கையாலேயே வெட்டினார். பலகை மீன்களின் பக்கம் அவர் திரும்பவில்லை.

கடலின் விளிம்பில் சாம்பல்நிறச் சுவரொன்று எழுந்து, நடந்து வந்தது.

கடைசி மூலை மிஞ்சியது. அங்கே இரட்டைப் பட்டை. அவர் அறுத்த மீன்களிலேயே அழகானது அந்த மூலையில்தான் இருந்தது.

ஒன்று அறுந்தது.

இலைகள் பறந்து வந்து முகத்தில் ஒட்டின.

"இறங்குங்க!"

"இன்னும் ஒண்ணு, மிஸ்."

அடித்தார். மீண்டும் அடித்தார். வெர்லின் அவருடைய இடுப்புவாரைப் பற்றி இழுத்துக் கீழே தள்ளினாள். மூவரும் உள்ளே விழுந்தார்கள். கதவுக்குக் குறுக்கே கட்டை ஏறியது.

கடைசிப் பட்டை பாதி அறுந்த நிலையில் நின்றது.

கடற்காற்றின் குரல் வேறாக இருந்தது. அது சுற்றிவரவில்லை. ஒரே இடத்தில் தோளைக் கொடுத்து முட்டியது.

வெளியே மரம் முனகிற்று. ஆணி ஒவ்வொன்றும் கழல்வது கேட்டது. அவள் அந்த மூலையை மட்டும் கேட்டாள்.

பிறகு, மலையே பிளந்ததுபோல் ஓர் ஓசை.

"கூரை போச்சு!"

மண்டபம் முழுவதும் அலறியது. கோழிகள்கூட அலறின.

இருட்டில் அவள் உள்ளங்கையை மேல்நோக்கி நீட்டினாள். மழைக்காகக் காத்திருந்தாள்.

ஒரு துளியும் விழவில்லை.

"போச்சா?" என்றார் அல்பியஸ்.

"போச்சு."

"முழுசுமா?"

"முழுசும். தனியாவே."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு விரல்களுக்கிடையே கசிந்தது. கண்ணீரும்.

அந்த மீன்களைப் பற்றி அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். சரியான சொல்லைத் தேடினாள். அது கிடைப்பதற்குள் அல்பியஸின் தலை சுவரில் சரிந்தது.

வெர்லின் தன் பையைக் காலிசெய்து, மடித்து, அவருடைய தலைக்கு முட்டுக்கொடுத்தாள்.

புயல் இன்னும் பாதி மீதமிருந்தது. அல்பியஸ் குறட்டை விட்டார்.

எதிரே, குழந்தையை நெஞ்சோடு இறுக்கி அழுதுகொண்டிருந்த பெண்ணொருத்தி அந்தச் சத்தத்துக்குத் திரும்பினாள். பலகை இடுக்கில் கசிந்த மங்கலில், உறங்கும் தச்சரைப் பார்த்தாள். தலைக்கு மேலே இருட்டைப் பார்த்தாள். மறுபடியும் அவரைப் பார்த்தாள்.

பிறகு கைகளைத் தளர்த்தி, குழந்தையை மடியில் கிடத்தினாள்.