தோள் மறைத்த கரை

"உந்தக் கோட்டையை எனக்கு நல்லாத் தெரியும்," என்றாள் வேரோனிக்கா.

நிலாணியின் கையிலிருந்த தட்டு சாய்ந்து, ஒரு வடை கார்பெட்டில் உருண்டு ஓடியது.

பக்கத்து வீட்டு அன்ரனெற் அன்ரி, ஜெர்மனியிலிருந்து கனடாவுக்குப் புதிதாக வந்து இறங்கிய தன் தம்பி பெண்சாதி வேரோனிக்காவை வீடு வீடாகக் கூட்டிப்போய்க் காட்டிக்கொண்டிருந்தார். இன்றைக்கு மில்லிக்கனில் நிலாணி வீட்டின் முறை. வந்தவள் கதிரையில் இருக்கக்கூட இல்லை, சுவரில் மாட்டியிருந்த பெரிய படத்தின் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

பாதி இடிந்த கோபுரம். சரிவில் வரிவரியாகத் திராட்சைத் தோட்டம். அடியில் வளைந்து போகும் ஒரு துண்டு ஆறு. முன்னால், மஞ்சள் சேலைத் தலைப்புக் காற்றில் பறக்க நிலாணி. பக்கத்தில் இரவல் கோட்டோடு அவள் புருசன் கீதன்.

"ஹனிமூனுக்கு இவையள் உந்தக் கோட்டைக்குத்தான் போனவை," என்றார் அன்ரி, தானும் கூடப் போய்வந்த பெருமையோடு. "பிள்ளை, அந்தப் படியில சறுக்கின கதையைச் சொல்லு. இவ கேக்கட்டும்."

நிலாணி குனிந்து வடையைப் பொறுக்கினாள்.

உண்மையில் அந்தக் கோட்டை இருந்தது ஸ்காபரோ பிளாசா ஒன்றின் பேஸ்மென்றில், நவரட்ணம் அண்ணையின் ஸ்ரூடியோவில். சுவர் முழுக்க ஒட்டுகிற கடதாசிப் படம். காற்றுக்கு ஒரு மேசை ஃபான். கலியாணம் கட்டிய நேரம் இரண்டு பேருக்கும் அகதிக் கேஸ் முடியவில்லை. நாட்டை விட்டு அசைய வழியில்லை. நயாகராவுக்குப் போகவே கீதனுக்கு லீவு கிடைக்கவில்லை.

இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில், "எங்க பிள்ளை எடுத்தது?" என்று அன்ரி கேட்க, "ஜெர்மனியில" என்று வாயில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அன்ரி விட்டால்தானே! எப்படி ஏறினீர்கள், மேலே என்ன இருக்கிறது என்று அவர் கேட்கக் கேட்கப் பொய்க்குக் கை கால் முளைத்தது. பாசி பிடித்த படியில் நிலாணி சறுக்கினாள். கீதன் அவளைத் தூக்கிக்கொண்டே உச்சிவரை ஏறினான். இந்தக் கதை இப்போது மில்லிக்கனில் பாதிச் சனத்துக்குத் தெரியும். அன்ரி தன் புருசன் யோசப் அங்கிளை அதைச் சொல்லியே குத்திக் காட்டுவார். பொய் என்று தெரிந்தால் அன்ரியே ஊர் முழுக்கப் பறையடிப்பார். பிறகு எந்த முகத்தோடு வெளியே இறங்குவது?

"நான் ரீ போடுறன்," என்று கீதன் குசினிக்குள் நழுவினான். கட்டிய நாளிலிருந்து அவன் ரீ போட்டதை ஒருவரும் கண்டதில்லை.

வேரோனிக்கா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். மூக்கு முட்டுகிற அளவுக்குப் படத்தின் கிட்டப் போனாள். கீதனின் தோளில் விரலை வைத்தாள். அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தாள், இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தாள்.

நிலாணி அந்த விரலையே பார்த்தாள். கடதாசித் துண்டுகள் சேருகிற ஒட்டு சரியாக அந்தத் தோளுக்குப் பின்னால்தான் இருந்தது. அதை மறைக்கத்தானே நவரட்ணம் அண்ணை கீதனை அந்த இடத்தில் நிற்பாட்டினார்!

"அக்கா... கனகாலம் அங்க இருந்தனீங்களோ?"

"ஏழு வருசம். உதுக்கு நேர முன்னால."

"அப்ப எத்தினை தரம் ஏறியிருப்பாய்!" என்றார் அன்ரி. "நீங்கள் ரெண்டு பேரும் கதைக்கத் தொடங்கினா விடிஞ்சிடும்."

வேரோனிக்கா படத்தை விட்டுத் திரும்பினாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"தங்கச்சி, உங்களோட தனிய ஒரு கதை கதைக்கோணும்."

செருப்புகள் குவிந்து கிடந்த வாசல் பக்கம் நிலாணியைக் கூட்டிப்போனாள். காலில் விழுந்தாவது வாயை அடைக்க வேண்டியதுதான் என்று நிலாணி முடிவு கட்டினாள்.

"அக்கா, நான் வேணுமெண்டு சொல்லேல்லை..."

வேரோனிக்காவின் காதில் அது விழவில்லை. அவள் அன்ரி இருந்த பக்கத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

"மச்சாளுக்கு முன்னால கேக்க வெக்கமாக் கிடந்தது. நான் ஜெர்மனி முழுக்கச் சுத்தினனான் எண்டு அவ நினைச்சுக்கொண்டிருக்கிறா." குரல் தாழ்ந்தது. "அங்க அகதிக் கேஸ் முடியாத ஆக்கள் தங்கட மாவட்டத்தை விட்டு வெளிய போகேலாது. பிடிச்சா தண்டம். எங்களுக்கு அந்த ஆறுதான் எல்லை. கோட்டை அக்கரையில. ஏழு வருசமும் குசினி யன்னலால பாத்ததுதான், ஒருநாளும் ஏறேல்லை. கேஸ் முடிஞ்ச கையோட என்ர அவர் இஞ்ச கூப்பிட்டிட்டார்."

 கேஸ் முடியாத காலம் எப்படியிருக்கும் என்று நிலாணிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"படத்தில எங்கட கரையை உங்கட அவரின்ர தோள் மறைக்குது. நீங்கள் உச்சிவரைக்கும் ஏறினனீங்கள்தானே? அங்க நிண்டு பாக்கேக்க, ஆத்தோரமாப் பச்சை யன்னல் வைச்ச வீடு ஒண்டு தெரிஞ்சதோ?"

நுனி நாக்குவரை வந்த உண்மையை நிலாணி விழுங்கினாள். வேரோனிக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரிஞ்சது அக்கா," என்றாள். "யன்னலில ஒரு பொம்பிளை நிண்டவ. நான் கை காட்டினனான்."