அப்பாவுக்குச் சுட்ட கட்லெட்

தன் அப்பா சின்னண்ணன் மாரடைப்பிலிருந்து பிழைத்த பிறகு, அவருக்காகச் சத்யபிரியா தினமும் கட்லெட் சுட்டாள். கேரட், பீன்ஸ், பீட்ரூட்டை வேகவைத்துப் பிசைந்து, அவலில் புரட்டி, தோசைக்கல்லில் எண்ணெயைத் தொட்டுத் தடவி வாட்டினாள். உப்பு பேருக்குத்தான்.

"எல்லாத்தையும் மறந்துபோட்டு அப்பனை இப்படித் தாங்கறாளே," என்று பக்கத்து வீட்டு சௌந்திரம் மெச்சினாள்.

அதைக் கேட்ட சின்னண்ணனுக்குக் கண் கலங்கியது. "என்னைய மன்னிச்சிட்டயா சாமி?"

"இல்லீங்கப்பா. என் ஊட்டுக்காரரை ஆள் வெச்சு வெட்டிக் கொன்னீங்க. அந்தக் கேசுல நாமக்கல் கோர்ட்டு தீர்ப்புச் சொல்றப்ப, கூண்டுல நீங்க உசுரோட நிக்கோணும். அதுக்குத்தானுங்க."

கடித்த கட்லெட்டை அவர் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

சத்யபிரியா தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தினாள். "நல்லா மென்னு சாப்பிடுங்க."