சேறு படாத உடுப்பு

கடைசி விசில் ஊதியதும் அரங்கமே அதிர்ந்தது. ஜெர்மன் கால்பந்து லீக்கின் சாம்பியன் பட்டம் துவாரகனின் கிளப்புக்கு! ரசிகர்கள் வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் ஓடிவந்தார்கள். ஆட்டக்காரர்கள் ஈரப் புல்லில் உருண்டார்கள். பெரிய கண்ணாடிக் குவளைகளில் பியரை ஏந்தி, துரத்தித் துரத்தி ஒருவர் தலையில் ஒருவர் ஊற்றினார்கள்.

மாற்று கோல்கீப்பர் துவாரகனை மட்டும் யாரும் துரத்தவில்லை. இந்தப் பருவம் முழுவதும் அவன் ஒரு நிமிடம்கூடக் களத்தில் இறங்கியதில்லை.

“உன் உடுப்பைத் தோய்க்கிற வேலையே இல்லை, என்ன?” என்று ஜெர்மனில் சிரித்துவிட்டு ஓடினான் கேப்டன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பா வருவது தெரிந்தது. யாழ்ப்பாணத்துச் சொந்தங்களிடமெல்லாம், மகன்தான் ஒவ்வொரு ஆட்டத்திலும் கோல் காக்கிறான் என்று சொல்லிவைத்திருப்பவர். துவாரகன் சட்டென்று திரும்பினான். கோல் கம்பத்தருகே குனிந்து, ஒரு பிடி சேற்றை அள்ளி வலது முழங்காலில் தேய்த்தான்.

நிமிர்ந்தபோது அப்பா பக்கத்தில் நின்றார். கையில் போன் இருந்தது. மகனின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

“மற்ற முழங்காலிலையும் கொஞ்சம் பூசு, தம்பி. படம் ஊருக்குப் போகுது.”