பச்சைக் கீறல்

"இருட்டறதுக்குள்ள இது போயிடணும். முடியுமா, முடியாதா?"

பாலிஷ் கடையில் காரை விட்டு இறங்கும்போதே கேட்டார் அந்த மனிதர். இன்ஜினைக்கூட அணைக்கவில்லை.

பாலிஷ்காரர் குனிந்து பார்த்தார். வெள்ளைக் கார். பின்கதவிலிருந்து பின்சக்கரம் வரைக்கும் நீளமாகக் கீறல்கள். அவற்றுக்குள் பச்சை பெயிண்ட் அப்பியிருந்தது. நகத்தால் வருடினார். நகம் மாட்டவில்லை.

"மேலாகத்தான் இருக்கு சார். காம்பவுண்டு பசை தடவி மெஷின்ல தேய்ச்சா போயிடும். மேல ஒரு கோட்டிங் குடுத்துட்டா கண்ணாடி மாதிரி ஆயிடும். எதுல உரசுச்சு?"

"எதுலயும் இல்ல."

"பச்சையா ஒட்டியிருக்கே?"

"எடுக்கச் சொன்னா எடுங்களேன். கேள்வி எதுக்கு?"

பாலிஷ்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

அந்த மனிதர் வாசலுக்குப் போனார். தெருவை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"வண்டியை இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி நிறுத்தலாமா? ரோட்டுலேருந்து தெரியுது."

கல்லாவில் இருந்த பாலிஷ்காரரின் மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் பிடிக்கப் போன கணவனின் பின்னாலேயே வந்துவிட்டாள்.

"ஏங்க, எனக்கு இது சரியாப் படல. எவனையோ இடிச்சுப் போட்டுட்டு வந்திருக்கான் இந்த ஆளு."

"சும்மா இரு. காதுல விழப்போகுது."

"விழட்டும். பச்சைன்னா சைக்கிளா, ஆட்டோவா, யாரு கண்டா? அடிபட்டவன் எந்த ரோட்டுல கெடக்கானோ!"

"உனக்கு எல்லாமே சந்தேகம்தான்."

"எங்க அண்ணனை இடிச்சவன் இன்னிவரைக்கும் கெடைக்கல. அவனும் இப்படித்தான் எங்கேயாவது போய்த் தேய்ச்சுத் துடைச்சிருப்பான். அதையும் உங்களை மாதிரி ஒருத்தர்தான் வாயை மூடிக்கிட்டு செஞ்சு குடுத்திருப்பாரு."

பாலிஷ்காரருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாளியை எடுத்துக்கொண்டு போனார். வெறும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு வந்த வேலையை எப்படித் திருப்பி அனுப்புவது?

கழுவினார். துடைத்தார். ரப்பர் ஓரங்களில் டேப் ஒட்டினார். மெஷின் சுழல ஆரம்பித்தது.

கை பாட்டுக்கு வேலை செய்தது. மனம்தான் ஒரு நிலையில் இல்லை. பச்சை கரையக் கரைய, யாருக்கோ சேர வேண்டிய நியாயத்தையும் சேர்த்துத் தேய்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. ஒரு தடவை மெஷினை நிறுத்திக்கூட விட்டார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்று பாய்ந்து வந்தார் அந்த மனிதர்.

"சூடாயிடுச்சு சார். ஆறட்டும்."

"ஆறட்டும்னா எவ்வளவு நேரம்? எனக்கு நேரமில்லீங்க!"

மறுபடியும் சுழன்றது. கடைசிக் கீறலும் மறைந்தது. கோட்டிங் போட்டுத் துணியால் ஒற்றி எடுத்தார். கதவு பளபளத்தது. இப்படி ஒரு தடயம் இருந்ததென்று இனி யாராலும் சொல்ல முடியாது.

அப்போது அந்த மனிதரின் போன் அடித்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அடிக்குரலில் பேசினார்.

"கறை போச்சாடா?... போகலைன்னா தின்னர் ஊத்தித் தேய். யாரும் பாக்கறதுக்குள்ள முடிச்சுடு... அவளை ரூமை விட்டு வெளியில விட்டுடாதே. என்ன?... ஐயோ, எப்போ?"

போனை வைத்தவரின் முகம் வெளிறியிருந்தது.

பாலிஷ்காரரின் மனைவி கணவனின் கையைக் கிள்ளினாள்.

"கேட்டீங்களா? கறையாம்! யாரையோ ரூம்ல வேற அடைச்சு வெச்சிருக்கான். பார்த்த சாட்சியாத்தான் இருக்கும். இனிமே நீங்க சொன்னாலும் கேக்க மாட்டேன்."

போனை எடுத்துப் போலீஸ் நம்பரை அழுத்தினாள். இந்தத் தடவை பாலிஷ்காரரும் தடுக்கவில்லை.

மணி போய்க்கொண்டிருக்கும்போதே வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். காலில் செருப்பு இல்லை. மூச்சு வாங்கியது. ஒரு காலை லேசாக இழுத்து இழுத்து உள்ளே வந்தாள்.

"காத்தடிக்கப் போறேன்னு சொல்லிட்டு இங்க என்னங்க பண்றீங்க?"

அந்த மனிதர் திகைத்துப் போனார். "சும்மா... மெழுகு போடலாம்னு..."

"பொய். நான் ரிவர்ஸ் எடுக்கும்போதே சத்தம் கேட்டுச்சு. செடி உரசுச்சுன்னு சொன்னீங்க. நம்ம பச்சை கேட்டுல தானே இடிச்சேன்? அங்க எதுக்குத் தின்னர் வாடை அடிக்குது?"

"இல்லவே இல்லம்மா."

"அந்த ஆக்ஸிடெண்ட்ல கால் இப்படி ஆனதோட, இனிமே ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டேன்னு இருந்தேன். நீங்கதான் கெஞ்சிக் கூத்தாடி இன்னிக்கு உட்கார வெச்சீங்க. எடுத்த எடுப்புலயே இடிச்சுட்டேன். என்னால முடியாதுங்க. என்னை விட்டுடுங்க."

அவள் கணவனின் முகத்தைப் பார்த்தாள். அதில் பதில் கிடைக்காது என்று தெரிந்ததோ என்னவோ, சட்டென்று கல்லாப் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இவர் என்னைத் தேத்தறதுக்கு எதை வேணும்னாலும் சொல்வார். நீங்க சொல்லுங்க. வண்டியில கீறல் இருந்துச்சா, இல்லையா?"

அந்த மனிதர் மனைவிக்குப் பின்னால் நின்றுகொண்டு கைகூப்பினார்.

போனில் ஒரு குரல், "ஹலோ, போலீஸ் ஸ்டேஷன், சொல்லுங்க" என்றது.

பாலிஷ்காரரின் மனைவி இணைப்பைத் துண்டித்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"கீறலா? ஒரு பொட்டுக் கீறல்கூட இல்லாத வண்டிக்கு எதுக்கு சார் பாலிஷுன்னு அப்போலேருந்து இவர்கூட நான்தான் சண்டை போட்டுட்டிருக்கேன். சாவியை வாங்கி நீயே வீட்டுக்கு ஓட்டிட்டுப் போம்மா!"