கட்டி வைத்த பெட்டி

நெலிடா டீச்சர் காலையிலேயே பெட்டியைக் கட்டிவிட்டார். ஆய்வாளரின் கேள்விகளுக்குப் பிள்ளைகள் நன்றாகப் பதில் சொன்னால் கூஸ்கோ நகரப் பள்ளிக்கு மாற்றல். அம்மாவைப் போனில் மட்டுமே பார்க்கும் அவர் மகள் அங்கேதான் இருக்கிறாள். சொதப்பினால் இந்த மலையே கதி.

"ஏழெட்டு எவ்வளவு?" என்றார் ஆய்வாளர்.

"நாப்பது!" என்றாள் சத்துர்னீனா. வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள்.

"பெரு நாட்டோட தலைநகரம்?"

"நம்ம ஊருதான் சார்!" என்றான் வில்பர்.

அந்தக் குளிரிலும் டீச்சருக்கு வியர்த்துக் கொட்டியது.

"இதைத்தான் சொல்லிக்கொடுத்தீங்களா? நகரத்துக்கு நல்ல டீச்சருங்கதாம்மா வேணும்." ஆய்வாளர் ஜீப்பில் ஏறிவிட்டார்.

ஜீப் வளைவில் மறைந்ததுதான் தாமதம், சுட்ட உருளைக்கிழங்கும் கினிப்பன்றி வறுவலுமாகப் பெற்றோர் சிரித்துக்கொண்டே வந்துவிட்டார்கள். டீச்சர் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதார்.

"அழாதீங்க டீச்சர்," என்றாள் சத்துர்னீனா. "ஏழெட்டு அம்பத்தாறு. தலைநகரம் லிமா. எல்லாம் தெரியும்."

"அப்புறம் ஏண்டி இப்படிப் பண்ணீங்க?"

"போன டீச்சர் இருந்தப்ப எல்லாத்தையும் சரியாச் சொன்னோம். இதே ஜீப்புலதான் அவங்களை ஏத்திக்கிட்டுப் போனாங்க. கொஞ்சம் எந்திரிங்க டீச்சர், பெட்டியில இருக்கறதை எடுத்து அடுக்கிடறேன்."