கோபுரத்துக் கணப்புக் கல்

ஜூன் மாதக் கோடையிலும் ஓர்லா விடிந்ததும் கணப்பை மூட்டிவிடுவாள். சதுப்பு நிலத்தில் கட்டிகளாக வெட்டிக் காயவைத்த மண்கரி நின்று எரியும். அறையே கொதிக்கும்.

"மகராசி, மாடே நிழலைத் தேடிப் போயிடுச்சு. நீ என்னை வேக வைக்கிறியே!" என்றான் அவள் கணவன் டோனல்.

ஓர்லா கணப்பின் மேலிருந்த நீளக் கல்லைப் பார்த்தாள். பக்கத்து எஸ்டேட்டின் இடிந்த காவல் கோபுரத்துக் கணப்பிலிருந்து போன குளிர்காலம் இருவரும் பெயர்த்து வந்த கல் அது. ஆசைப்பட்டுக் கேட்டவள் அவள்தான்.

அன்றிலிருந்து அவர்கள் வீட்டுப் புகைபோக்கியில் புகை வருவதில்லை. வயலுக்கு அப்பால், கூரையும் தளங்களும் என்றோ விழுந்துவிட்ட அந்தக் கோபுரத்தின் உச்சியிலிருந்து வருகிறது. இங்கே தீ அணைந்தால் அங்கே புகை நின்றுவிடுகிறது.

"கல்லைத் திருப்பி வச்சிடலாம், டோனல்."

"எப்படி வைப்ப? நம்ம சுவருக்குப் பொருந்தலன்னு ரெண்டு முனையையும் அறுத்தாச்சே."

"அப்போ தீயையாவது அணைக்காம இருப்போம். நம்மால யாரும் குளிர்ல கிடக்க வேண்டாம்."

"அங்க யாரு இருக்கா? காக்காதான் இருக்கு," என்று சிரித்தபடி அவன் ஜன்னலுக்கு வந்தான்.

ஏணி வைத்தாலும் எட்டாத உயரத்தில், கோபுரத்தின் ஒடுங்கிய ஜன்னலில், ஒரு குழந்தையின் கம்பளிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

டோனலின் சிரிப்பு நின்றது. பிறகு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான். இரு கைகளும் கொள்ளுமளவு கரிக்கட்டிகளை அள்ளிவந்து, ஒவ்வொன்றாகத் தீயில் வைத்தான்.